கரண்ட் உலையும் ராய்ச்சூர் புகையும்

வணக்கம் சார்,

தொழிற்சாலைகளின் சூட்டை மின்சாரத்துக்கு மாற்ற வேண்டும் என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். பெங்களூரு பீன்யாவில் எங்களுக்கு ஒரு சின்ன ஃபோர்ஜிங் பட்டறை இருக்கிறது, இரும்பைக் காய்ச்சி அடித்து உருவம் கொடுக்கும் வேலை. தாத்தா தங்கவயல் சுரங்கத்தில் இருந்தவர், அப்பா இங்கே வந்து தொழில் தொடங்கினார். ஃபர்னஸ் ஆயில் உலைதான். ஒரு டன் பில்லட் (இரும்புக் கட்டை) சூடாக்க 130 லிட்டர் போல ஆகிறது. இண்டக்‌ஷன் என்னும் மின்சார உலை போடச் சொல்கிறார்கள். ஆனால் கரண்டே நிலக்கரியில்தானே வருகிறது? புகை என் பட்டறையில் வராமல் ராய்ச்சூர் அனல்மின் நிலையத்தில் வரும், அவ்வளவுதானே? பக்கத்துத் தெருவில் முலாம் பூசும் பட்டறை வைத்திருக்கும் என் மச்சான் தொட்டிகளை கரண்ட் காயில் ஹீட்டரில்தான் சூடாக்குகிறார். அவர் ஏற்கெனவே ‘பசுமை’யா?

ஆர்., பீன்யா

அன்புள்ள ஆர்.,

உங்கள் சந்தேகம் நியாயமானது. இந்திய மின்சாரத்தில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக இன்னும் நிலக்கரிதான். ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. அதனால் கரண்ட் என்றாலே சுத்தம் என்று சொல்ல மாட்டேன், கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும்.

நல்ல வேளை, நீங்களே 130 லிட்டர் என்று எழுதிவிட்டீர்கள். பல முதலாளிகளுக்கு மாத பில் தெரியும், டன் கணக்கு தெரியாது. ஃபர்னஸ் ஆயில் ஒரு லிட்டர் எரிந்தால் ஏறக்குறைய 3 கிலோ வாயு. ஆக உங்கள் உலையில் டன்னுக்கு 390 கிலோ. இரும்பை 1,200 டிகிரிக்குக் கொண்டுபோக உண்மையில் தேவைப்படும் சூடு டன்னுக்கு 220, 230 யூனிட்தான். உங்கள் எண்ணெயில் இருப்பதோ 1,400 யூனிட் போல. மிச்சமெல்லாம் புகைபோக்கி வழியாகவும் கதவு வழியாகவும் உலைச் சுவர் வழியாகவும் போகிறது. இண்டக்‌ஷனில் சூடு பில்லட்டுக்குள்ளேயே பிறப்பதால் 400 யூனிட்டில் வேலை முடியும். அதாவது 280 கிலோ. ராய்ச்சூர் புகையையும் சேர்த்தே இந்தக் கணக்கு.

அதே சமயம், போகும் புகையின் சூட்டை வாங்கி உள்ளே வரும் காற்றைச் சூடாக்கும் ரெக்குப்பரேட்டர் வைத்த நல்ல உலை 70 லிட்டரில் ஓடினால் 210 கிலோதான். இன்றைய கரண்டோடு ஒப்பிட்டால் அந்த எண்ணெய் உலைதான் ஜெயிக்கும்! இதைச் சொன்னால் சுற்றுச்சூழல் நண்பர்கள் என்மேல் கோபப்படுவார்கள், பரவாயில்லை. எண்ணெயும் கரண்டும் சமமாகும் எல்லைக்கோடு டன்னுக்கு 90 லிட்டரை ஒட்டி இருக்கிறது. நீங்கள் அதைத் தாண்டி வெகுதூரத்தில் நிற்கிறீர்கள்.

கணக்கில் பெரும்பாலும் யாரும் சேர்க்காத ஒன்று ஸ்கேல். எண்ணெய் உலையில் நெடுநேரம் கிடக்கும் இரும்பில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்கு கருகிச் செதிலாக உதிர்கிறது. இண்டக்‌ஷனில் சில நிமிடங்களில் சூடேறிவிடுவதால் ஒரு பங்குக்கும் குறைவு. டன்னுக்கு 20 கிலோ இரும்பு மிச்சம் என்று வையுங்கள். இந்தியாவில் ஒரு டன் எஃகு உருவாகும்போது சராசரியாக இரண்டரை டன் வாயு வெளியாகியிருக்கும். அந்த 20 கிலோவுக்குள் 50 கிலோ வாயு இருக்கிறது. இதையும் சேர்த்தால் எல்லைக்கோடு 75 லிட்டர் பக்கம் இறங்கிவிடும். இரும்பு விலையில் மிச்சமாகும் பணத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், இன்று வாங்கும் உலை பதினைந்து இருபது வருஷம் ஓடும். எண்ணெய் அன்றும் அதே 3 கிலோதான். மின்சாரம் மாறிக்கொண்டே வருகிறது. கர்நாடகத்தின் பாவகடாவில் மட்டும் 2,050 மெகாவாட் சூரிய மின்பூங்கா நிற்கிறது. 2022 விதிகளுக்குப் பிறகு 100 கிலோவாட் ஒப்பந்த மின்சுமை உள்ளவர்களும் ஓப்பன் அக்சஸில், அதாவது உற்பத்தி செய்பவரிடமிருந்தே நேரடியாக, பசுமை மின்சாரம் வாங்கலாம், முன்பு ஒரு மெகாவாட் வேண்டியிருந்தது. பசுமை மின்சாரம் உங்கள் குடும்பத்துக்குப் புதிதும் இல்லை. 1902இல் சிவனசமுத்திரத்துக் காவிரி நீரில் எடுத்த மின்சாரம் முதலில் போனது தங்கவயலுக்குத்தான். பெங்களூருத் தெருவிளக்கெல்லாம் 1905இல், அதற்குப் பிறகுதான்.

இனி மச்சான் விஷயம். அவருக்குப் பதில் கசப்பானது. காயிலில் ஒரு யூனிட் கரண்ட் போட்டால் ஒரு யூனிட் சூடுதான் கிடைக்கும், 0.7 கிலோ. டீசல் பாய்லரில் அதே சூட்டுக்கு 0.35 கிலோ கூட ஆகாது. ஆக அவர் பாய்லரைவிட இரண்டு மடங்கு. ஆனால் அவர் தொட்டிகளுக்கு 60 டிகிரி போதுமென்றால் ஹீட் பம்ப் வைக்கலாம். வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுத்துக்கொள்வதால் ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் சூடு தரும். 0.7 கிலோ 0.23 ஆகிவிடும், பில்லும் மூன்றில் ஒன்று. ஃபோர்ஜிங்குக்கு ஹீட் பம்ப் உதவாது, அந்த வெப்பநிலை அதற்கு எட்டாது.

சிமெண்ட் பற்றியும் கேட்டுவிடுவீர்கள் என்பதால் ஒரு வரி: அங்கே பாதிக்கு மேல் வாயு சுண்ணாம்புக்கல்லிலிருந்தே வருகிறது, சூளையைக் கரண்டில் ஓட்டினாலும் அது நிற்காது.

கோட்டேஷன் வாங்கும் முன் உங்கள் மின்விநியோக நிறுவனமான பெஸ்காமில் ஒப்பந்த மின்சுமையைக் கேட்டுவிடுங்கள். மணிக்கு அரை டன் சூடாக்க 200 கிலோவாட் வேண்டும். உங்கள் டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தாங்குமா, டிமாண்ட் சார்ஜ் (மின்சுமைக்கான மாதக் கட்டணம்) எவ்வளவு ஏறும் என்பதையும் சேர்த்துத்தான் மெஷின் விலையைப் பார்க்க வேண்டும். சுமை கிடைக்கத் தாமதமானால், அதுவரை பழைய உலையின் கதவு இடுக்கை அடைத்து, பர்னரின் காற்றளவைச் சரிசெய்யுங்கள். 130 லிட்டர் அதிலேயே கொஞ்சம் இறங்கும்.