பால் பத்தலையா?

வணக்கம் மேடம். மனைவிக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம். அம்மா வீட்டில் இருக்கிறாள். “நான் நல்ல அம்மா இல்லை, குழந்தைக்கே என்னைப் பிடிக்கலை” என்று ராத்திரியெல்லாம் அழுகை. ‘நல்லதையே நினை’ என்று தினமும் போனில் சொல்கிறேன். செல்போன் அதிகம் பார்ப்பதால் இப்படி ஆகுமா? அவள் எண்ணத்தை மாற்ற நல்ல புத்தகம் சொல்லுங்கள்.
எஸ்., விழுப்புரம்

அன்புள்ள எஸ்,

செல்போனை விடுங்கள். பிரசவமான மூன்றாம் நாள், நாலாம் நாள் வரும் அழுகை இரண்டு வாரத்தில் தானே அடங்கும். இரண்டு மாதமாகியும் நிற்கவில்லை என்றால் டாக்டர்தான் பார்க்க வேண்டும், புத்தகம் இல்லை.

கொஞ்ச நாளாக நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். குழந்தை அழுகிறது, பசி, பால் இல்லை, நான் தாயே இல்லை. இப்படி மடமடவென்று ஓடுகிறதே, இதைத் தானாக எழும் எண்ணம் என்கிறார்கள். தானாகவா எழுகிறது?

என் அக்காவுக்குப் பிள்ளை பிறந்தபோது சுறாப்புட்டும் பூண்டுக் குழம்பும் வேளை தவறாமல் வந்தன. பார்க்க வந்தவர்கள் பிள்ளையின் தொடையைப் பிடித்துப் பார்த்து, “காஞ்சு கிடக்கே, பால் பத்தலையா?” என்றார்கள். வந்த அத்தனை பேரும்! ஒரு ராத்திரி அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்து, பாலை டம்ளரில் பீச்சி, சாய்த்துச் சாய்த்து அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். பீச்சினால் வருவது பிள்ளை குடிக்கிற அளவே இல்லை. நாளைக்கு ஆறு தடவையாவது ஒண்ணுக்குப் போய், எடையும் ஏறினால் பால் போதும். இதைச் சொல்ல அந்த வீட்டில் ஒரு ஆள் இல்லை.

வேலூர் பக்கம் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் நடந்த ஆய்வு 2002இல் வெளியானது. பிரசவத்துக்குப் பின் 11 சதவீதம் பெண்களுக்குப் புதிதாக மனச்சோர்வு. ஏன்? வருமானம் குறைவு, பையனை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உரசல், ஒத்தாசைக்கு ஆளில்லை. இதில் எதைப் புத்தகம் மாற்றும்? நீங்கள் போனில் செய்கிற உபதேசமும் அவள் காதில் இன்னொரு ‘பால் பத்தலையா’தான்.

பஸ் ஏறிப் போங்கள். ராத்திரி பிள்ளையை வாங்கிக்கொண்டு அவளைத் தூங்கவிடுங்கள். மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். தாய்ப்பால் கொடுக்கிறவர்களுக்கும் ஏற்ற மாத்திரைகள் உண்டு. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, எந்நேரமும் தமிழில் பேசலாம். சாகணும் என்று ஒரு வார்த்தை சொன்னாலும் அவளைத் தனியே விடாதீர்கள், விடியட்டும் என்றும் இருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரி. ‘பைத்தியத்துக்கா வைத்தியம்?’ என்று இரண்டு வீட்டிலும் கேட்பார்கள். அதற்குப் பதில் நீங்கள் சொல்லுங்கள், அவளைச் சொல்லவைக்காதீர்கள்.