வாசகர் கேள்வி பதில்: 1469ல் அப்படி என்னதான் நடந்தது?

போன இதழில் குருநானக் பிறந்த ஆண்டு 1469, அதே ஆண்டில்தான் இத்தாலியில் அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லியும் பிறந்தார் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த வாரம் பக்கத்தை நிரப்பிவிட்டன. மற்ற கேள்விகளை அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

எங்கள் பயிற்சி மையக் குறிப்பில் 1469 என்றால் குருநானக் பேர் மட்டும்தான் இருக்கிறது. வேறு யார் யார் பிறந்தார்கள், முக்கிய நிகழ்ச்சிகள் என்ன என்று வரிசையாகச் சொல்ல முடியுமா சார்?
போட்டித் தேர்வு மாணவி, தென்காசி

சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் தைமூர் வம்சத்து சுல்தான் அபூ சயீத் கொல்லப்பட்டார். ஏப்ரலில் பஞ்சாபில் நானக் பிறப்பு. மே 3ல் ஃபுளோரன்ஸ் நகரில் மாக்கியவெல்லி, மே 31ல் போர்ச்சுக்கலில் பிற்காலத்து மன்னர் மானுவெல். அக்டோபர் 19ல் ஸ்பெயினில் இசபெல்லா ஃபெர்டினாண்ட் கல்யாணம். நவம்பரில் ஆப்பிரிக்கக் கரையோர வியாபாரத்தை ஒரு லிஸ்பன் வியாபாரிக்குப் போர்ச்சுக்கல் அரசர் குத்தகைக்கு விட்டார். வாஸ்கோ ட காமா பிறந்ததும் 1469 என்று சில புத்தகங்களில் இருக்கும், 1460 என்றும் இருக்கும். தேர்வில் அந்தக் கேள்வி வந்தால் உங்கள் பாடநூலில் உள்ளதையே எழுதிவிடுங்கள், வம்பு வேண்டாம்.

தேர்வுக்கு இவ்வளவு போதும். ஆனால் அப்போது டெல்லியில் ஆண்டுகொண்டிருந்த பஹ்லுல் லோடியின் இடத்தில் உட்கார்ந்து இந்தப் பட்டியலைப் பாருங்கள். இதில் அவர் காதுக்கு எட்டியிருக்கக் கூடிய சேதி ஒன்றே ஒன்றுதான், அபூ சயீத் செத்துப்போனது. மற்றதெல்லாம் ஒரு கிராமத்துக் கணக்கர் வீட்டுப் பிள்ளை, கடனாளி வக்கீல் வீட்டுப் பிள்ளை, பட்டத்துக்கு வர வாய்ப்பே இல்லாத ஓர் இளவரசக் குழந்தை, வீட்டுக்குத் தெரியாமல் நடந்த ஒரு கல்யாணம், ஒரு குத்தகைப் பத்திரம். லோடி வம்சத்தையே முடித்துவைக்கப் போகிறவரின் கதையும் அதே வருஷத்தில்தான் ஆரம்பிக்கிறது, ஆனால் அந்த ஆள் பிறக்கவே இன்னும் 14 வருஷம் இருந்தது.

அந்த ஆள் பாபர்தானே? அவருக்கும் 1469க்கும் என்ன சம்பந்தம்?
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஆம்பூர்

பாபரேதான். கொல்லப்பட்ட அபூ சயீத் அவருடைய அப்பாவைப் பெற்ற தாத்தா. இன்றைய உஸ்பெகிஸ்தானின் சமர்கந்து, ஆப்கானிஸ்தானின் ஹெராத் இரண்டையும் கையில் வைத்திருந்த பெரிய ராஜா, மேற்கே அஜர்பைஜான் பக்கம் ஆசைப்பட்டுப் படையோடு போனார். அங்கே உசூன் ஹசன் என்ற துருக்மேனியத் தலைவர் நேருக்கு நேர் சண்டை போடாமல் குளிர்காலம் முழுக்கத் தீனி வரும் வழிகளை அடைத்துவிட்டார். குதிரைக்குப் புல் இல்லை, ஆளுக்கு ரொட்டி இல்லை, படை தானாகவே கலைந்தது, சுல்தான் பிடிபட்டார்.

உசூன் ஹசன் அவரைத் தன் கையால் கொல்லவில்லை. யாத்கார் முகமது என்ற இளவரசனிடம் ஒப்படைத்தார். அந்த இளவரசனின் கொள்ளுப்பாட்டி கவ்ஹர் ஷாத், ஹெராத் நகரத்தில் மசூதியும் கல்விக்கூடமும் கட்டிய பேரரசி. 1457ல், எண்பது தாண்டிய அந்தக் கிழவியைக் கொல்லச் சொன்னவர் இதே அபூ சயீத். பன்னிரண்டு வருஷம் கழித்து பழி தீர்க்கப்பட்டது, அவ்வளவுதான்.

அவர் போனதும் ராஜ்யம் மகன்களுக்குள் துண்டு துண்டானது, ஹெராத்தை அதே வருஷம் மார்ச்சில் ஹுசைன் பைகரா என்ற வேறு கிளைக்காரர் பிடித்துக்கொண்டார். மகன்களில் ஒருவரான உமர் ஷேக்குக்குக் கிடைத்தது ஃபர்கானா என்ற சின்னப் பள்ளத்தாக்கு. பாபர் 1483ல் அங்கேதான் பிறந்தார். தாத்தாவின் ராஜ்யம் முழுசாகக் கைக்கு வந்திருந்தால் அவர் காபூலுக்கும் பிறகு டெல்லிக்கும் வந்திருப்பாரா என்பது என் நெடுநாள் சந்தேகம். சமர்கந்தைத் திரும்பத் திரும்பப் பிடித்தும் தக்கவைக்க முடியாமல் போன பிறகுதானே அவர் பார்வை இந்தப் பக்கம் திரும்பியது.

இதில் நானக் எங்கே வருகிறார் என்றால், 1520, 21 வாக்கில் பாபர் படை பஞ்சாபில் சைத்பூர் என்ற ஊரைச் சூறையாடியபோது. அந்த அழிவைப் பற்றி நானக் பாடிய பாடல்கள் சீக்கியர்களின் புனித நூலிலேயே இருக்கின்றன, பாபர் பெயரைச் சொல்லியே. பாவத்தையே கல்யாண ஊர்வலமாகத் திரட்டிக்கொண்டு காபூலிலிருந்து வந்தவன் மிரட்டி தானம் கேட்கிறான் என்று ஒரு பாட்டு. இன்னொன்றில் கடவுளையே நிறுத்திக் கேட்கிறார்: இத்தனை அடி விழுந்து ஜனங்கள் கதறினார்களே, உனக்கு வலிக்கவில்லையா? லோடிகளையும் அவர் விட்டுவைக்கவில்லை, கையில் கிடைத்த ரத்தினம் போன்ற நாட்டை நாசமாக்கிவிட்டார்கள் என்று திட்டியிருக்கிறார். படையெடுப்பைப் பார்த்த காலத்தவர் ஒருவரின் குரல் இப்படிக் கிடைப்பது அபூர்வம், வரலாற்றுப் புத்தகங்கள் இதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்கலாம்.

நானக் ஏப்ரலில் பிறந்தார் என்கிறீர்கள். ஆனால் குருநானக் ஜெயந்திக்கு மத்திய அரசு அலுவலகங்களில் நவம்பர் வாக்கில் அல்லவா லீவு விடுகிறார்கள்?
அஞ்சலக ஊழியர், காரைக்குடி

நானக்கின் வாழ்க்கைக் கதைகள் பல பேர் எழுதி பல விதமாக இருக்கின்றன. பழைய மரபு ஒன்று சித்திரை வைகாசிக் கணக்கில் சொல்கிறது, அதை வைத்துத்தான் ஏப்ரல் 15 என்கிறார்கள், ஆராய்ச்சியாளர்கள் பலரும் இந்தப் பக்கம். இன்னொரு மரபு வடநாட்டுக் கார்த்திகைப் பௌர்ணமி என்கிறது, கொண்டாட்டம் அன்றுதான் நிலைத்துவிட்டது. பல வருஷங்களில் அது நம் ஊர் ஐப்பசிப் பௌர்ணமியாகவே வரும், சிவன் கோயிலில் அன்னாபிஷேகம் நடக்கிற நாள். பிறந்த ஊர் தல்வண்டி, இப்போது பாகிஸ்தானில் லாகூருக்கு மேற்கே நன்கானா சாகிப் என்ற பெயரில் இருக்கிறது. அப்பா காலு அங்கே நிலக் கணக்கு பார்த்தவர், நம் ஊர் பழைய கர்ணம் மாதிரி உத்தியோகம்.

வீட்டுக்குத் தெரியாமல் நடந்த கல்யாணம் என்று எழுதியிருக்கிறீர்களே, ராணி இசபெல்லாவா ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டார்?
வாசகி, நாகர்கோவில்

கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனால் காதல் இல்லை, கணக்கு. இசபெல்லாவுக்கு 18 வயது, காஸ்டீல் நாட்டு மன்னர் ஹென்றியின் தங்கை, அடுத்த வாரிசு. அண்ணன் பார்த்த மாப்பிள்ளைகள் வேறு. தங்கையோ பக்கத்து அரகோன் நாட்டு இளவரசன் ஃபெர்டினாண்டைத் தானே முடிவு செய்துகொண்டார், பையனுக்கு 17. எல்லையில் அண்ணன் பக்கத்து ஆட்கள் காவல் காத்ததால் மாப்பிள்ளை வேலைக்காரன் வேஷம் போட்டுக்கொண்டு, வியாபாரிகள் கூட்டத்தோடு கோவேறு கழுதைகளைப் பார்த்துக்கொண்டு, சத்திரங்களில் மற்றவர்களுக்குச் சாப்பாடு பரிமாறிக்கொண்டு வந்து சேர்ந்தார். வழியில் ஒரு சத்திரத்தில் செலவுக்கு வைத்திருந்த பணப்பையை மறந்துவிட்டார்கள். ராத்திரி நேரத்தில் ஒரு கோட்டை வாசலில் கதவைத் தட்டியபோது, யாரோ எதிரி என்று நினைத்து மேலிருந்து காவலாளி போட்ட கல் தலைக்குப் பக்கத்தில் விழுந்தது. பின்னாளில் கொலம்பஸைக் கடல் கடந்து அனுப்பிய தம்பதி இவர்கள்தான், அந்தக் கல் நாலு அங்குலம் தள்ளி விழுந்திருந்தால் அமெரிக்கக் கண்டத்தின் கதை என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கல்யாணம் வல்யதோலித் நகரத்தில், ஒரு தனியார் மாளிகையில். கையில் காசில்லாமல் கடன் வாங்கித்தான் நடத்தினார்கள். இன்னொரு சிக்கலும் இருந்தது: இருவரும் ஒரே வம்சத்து ஒன்றுவிட்ட உறவு, ஆகவே போப்பாண்டவரின் அனுமதிக் கடிதம் வேண்டும். அது இல்லை. தொலேதோ பேராயரின் ஆட்கள் முந்தைய போப் ஒருவர் பேரில் ஒரு கடிதத்தைத் தயார் செய்து சபையில் வாசித்துவிட்டார்கள். போலி! அசல் அனுமதி ரோமிலிருந்து வந்தது 1471 டிசம்பரில்தான், அதற்குள் ஒரு பெண்குழந்தையும் பிறந்துவிட்டது. பின்னாளில் மதத் தூய்மை, மத விரோதிகளைத் தேடித் தண்டிக்கும் விசாரணை மன்றம், யூதர் வெளியேற்றம் என்று ஊரையே நடுங்கவைத்த தம்பதிக்கு ஆரம்பமே கள்ளப் பத்திரம் என்பதைப் பள்ளிப் பாடத்தில் சேர்க்க மாட்டார்கள்.

மானுவெல் மன்னருக்குப் பட்டம் வர வாய்ப்பே இல்லை என்றீர்கள். பிறகு எப்படி வந்தது? அவர்தானே வாஸ்கோ ட காமாவை அனுப்பியவர்?
கடற்படையில் இருந்தவர், தூத்துக்குடி

போர்ச்சுக்கல்காரர்கள் அவரை அதிர்ஷ்டக்காரர் என்றே அழைத்தார்கள், அதில் கொஞ்சம் ரத்தமும் உண்டு. இவர் அரச குடும்பத்து ஒரு பிரபுவின் கடைக்குட்டி. அண்ணன் தியோகு சதி செய்தார் என்று மன்னர் இரண்டாம் ஜான் 1484ல் தன் கையாலேயே குத்திக் கொன்றார். 1491ல் மன்னரின் ஒரே பட்டத்துப் பிள்ளை குதிரையிலிருந்து விழுந்து இறந்தான். 1495ல் மன்னரும் போக, மகுடம் மானுவெல் தலையில் வந்து உட்கார்ந்தது. இரண்டே வருஷத்தில், 1497 ஜூலையில், காமா லிஸ்பனிலிருந்து கிளம்பிவிட்டார். மறு வருஷம் மே மாதம் கோழிக்கோடு.

ஆனால் அந்தப் பயணத்துக்கான அடித்தளம் மானுவெல் கைக்குழந்தையாக இருந்த அதே 1469ல் போடப்பட்டது. நான் மேலே சொன்ன குத்தகைதான். பெர்னாவோ கோம்ஸ் என்ற வியாபாரி, வருஷத்துக்கு 2 லட்சம் ரெயிஸ் (போர்ச்சுக்கல் நாணயம்) கட்டிவிட்டு ஐந்து வருஷம் மேற்கு ஆப்பிரிக்காவின் கினி கடற்கரை வியாபாரத்தைத் தனியாக அனுபவிக்கலாம். கூடவே ஒரு நிபந்தனை: சியரா லியோனிலிருந்து தொடங்கி ஒவ்வொரு வருஷமும் 100 லீக், அதாவது சுமார் 500 கிலோமீட்டருக்கு மேல், புதுக் கரையைக் கண்டுபிடித்தாக வேண்டும். கஜானாவிலிருந்து ஒரு காசு செலவில்லாமல், கண்டுபிடிப்பையே ஒப்பந்தக்காரர் தலையில் கட்டிவிட்டார் அரசர். அந்த ஆட்கள் 1471ல் இன்றைய கானாவின் தங்கக் கரையைத் தொட்டார்கள், குத்தகை முடிவதற்குள் நிலநடுக்கோட்டையும் தாண்டிவிட்டார்கள். என்னைக் கேட்டால் 1469ல் கையெழுத்தானவற்றில் நம்மை அதிகம் பாதித்தது இந்தப் பத்திரம்தான்.

மானுவெலின் கல்யாணக் கதையையும் சொல்லாமல் விட மனசில்லை. 1469 அக்டோபரில் கல்யாணம் செய்துகொண்டார்களே இசபெல்லாவும் ஃபெர்டினாண்டும், அவர்களுடைய மூத்த மகளை இவர் 1497ல் மணந்தார். குதிரையிலிருந்து விழுந்து செத்த இளவரசனின் விதவை அந்தப் பெண். மறு வருஷமே அவள் பிரசவத்தில் இறந்தாள். 1500ல் அவளுடைய தங்கை மரியா. மரியாவும் 1517ல் போனதும், மறு வருஷம் அதே தம்பதியின் பேத்தி எலியனோர். ஒரே வீட்டில் மூன்று முறை பெண் எடுத்தவர், அதிலும் இரண்டு தலைமுறையில்!

மாக்கியவெல்லி என்றாலே சூழ்ச்சி என்கிறோமே, அவர் அவ்வளவு மோசமானவரா?
கல்லூரி மாணவர், சேலம்

அவர் நூல்களைப் பற்றி இன்னொரு வாரம் தனியாகப் பேசலாம், இப்போது பிறந்த வருஷத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். அவருடைய அப்பா பெர்னார்டோ, கடன்பட்ட வக்கீல், புத்தகப் பைத்தியம், வீட்டுக் கணக்கைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தவர். வெனிஸ் நகரத்தில் முதல் அச்சகம் வந்தது இதே 1469ல், ஜெர்மனியின் ஸ்பேயர் ஊர்க்காரரான ஜான் ஐந்து வருஷத் தனியுரிமையோடு தொடங்கினார். (பாவம், அடுத்த வருஷமே இறந்துபோனார், உரிமையும் காலாவதி ஆனது, போட்டிக்கு ஆட்கள் புகுந்துவிட்டார்கள்.) சில வருஷத்தில் ஃபுளோரன்ஸ் நகரிலும் அச்சு வந்தது. ரோமானிய வரலாற்றாசிரியர் லிவியின் நூலுக்கு ஊர்ப்பெயர் அகராதி போட்டுக்கொடுக்க பெர்னார்டோவை ஒரு அச்சகக்காரர் கேட்டார். கூலி பணமாக இல்லை, அந்தப் புத்தகத்தின் ஒரு பிரதி. அதுவும் தைக்காத தாள்களாக. பல வருஷம் கழித்துத்தான் கட்டுக்குப் போனது, அப்போது போய் வாங்கி வந்தவன் 17 வயதுப் பிள்ளை நிக்கோலோ. பைண்டருக்குக் கொடுத்தது மூன்று குடுவை சிவப்பு ஒயினும் ஒரு குடுவை வினிகரும் என்று அப்பாவின் குறிப்பில் இருக்கிறது. அதே லிவியைப் பற்றித்தான் பிள்ளை பின்னாளில் ஒரு பெரிய நூல் எழுதினார்.

உலகத்தையே சுற்றிவிட்டீர்கள். நம் பக்கம் அப்போது என்ன நிலைமை?
விவசாயி, திருக்கோவிலூர்

உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்தது பொருத்தம். 1464 வாக்கில் ஒரிசாவின் கஜபதிப் படை காஞ்சி, தென்னாற்காடு வழியாகத் திருச்சி வரை வந்து போனது. கல்வெட்டுகளில் அதை ஒட்டியன் கலாபை, அதாவது ஒரிசாக்காரன் கலகம், என்கிறார்கள், கோயில்கள் பாழடைந்து பூஜை நின்றுபோன சேதி உங்கள் வட்டாரக் கல்வெட்டிலேயே உண்டு. விஜயநகரத்தில் விரூபாட்சர் பேருக்கு ராஜா, உண்மையில் சந்திரகிரியிலிருந்து சாளுவ நரசிம்மர் மேலே வந்துகொண்டிருந்தார். ஈழத்தில் இன்னும் சுவாரசியம்: யாழ்ப்பாணத்தைப் பிடித்து ஆண்ட செண்பகப் பெருமாள், தெற்கே கோட்டை என்ற ராஜ்யத்தின் மன்னர் ஆறாம் பராக்கிரமபாகு 1467ல் இறந்த பிறகு தெற்கே போய்ப் போட்டியாளரைத் தீர்த்துவிட்டு புவனேகபாகு என்ற பெயரில் முடி சூடினார். அவர் அந்தப் பக்கம் போன நேரம் பார்த்துக் யாழ்ப்பாணத்தின் பழைய மன்னர் கனகசூரிய சிங்கையாரியர் திரும்பி வந்து யாழ்ப்பாணத்தை மீட்டுக்கொண்டார்.

1469ல் நடந்ததிலேயே வேடிக்கையானது எது?
வாசகர், பொள்ளாச்சி

டென்மார்க் மன்னர் கிறிஸ்டியன் தன் மகளை ஸ்காட்லாந்து மன்னருக்குக் கொடுத்தார். பேசிய வரதட்சணை 60,000 ஃபுளோரின் நாணயம். 50,000க்கு ஆர்க்னித் தீவுகளை அடமானம் வைத்தார், மீதி 10,000 ரொக்கம் என்று பேச்சு. கையில் புரண்டது 2,000. பாக்கி 8,000க்கு மே மாதம் ஷெட்லாந்துத் தீவுகளையும் அடமானம் வைத்தார். ஜூலையில் கல்யாணம். பின்னால் வந்த டென்மார்க் மன்னர்கள் பணத்தைக் கட்டி மீட்க எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தார்கள், சம்பந்தி வீட்டார் பிடி கொடுக்கவே இல்லை. தீவுகள் இரண்டும் இன்றைக்கும் ஸ்காட்லாந்தில்தான் இருக்கின்றன.