குழாயில் காற்று வரும் என்பது பேச்சுரிமையா?

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாறு பக்கம். உள்ளாட்சித் தேர்தல் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதுமே முக்கு டீக்கடை சூடாகிவிட்டது. முன்பு ஊராட்சித் தலைவராக இருந்து, மறுபடியும் நிற்கப்போகிறவர் போன வாரம் அங்கே வைத்துச் சொன்னார்: “2019இல் எந்தத் தெரு எனக்குப் போடவில்லை என்று தெரியும். இந்த முறையும் போடாவிட்டால் அந்தத் தெருக் குழாயில் காற்றுதான் வரும்.” எல்லோரும் சிரித்தார்கள். நான் எதிர்த்துக் கேட்டேன். பக்கத்தில் இருந்த என் நண்பரே, “நீ அவரை முகநூலில் திட்டி எழுதினாயே, அது பேச்சுரிமை என்றால் இதுவும் பேச்சுரிமைதான்” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. இரண்டும் ஒன்றா? வெளியிட்டால் என் பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியில்தான் என் கண் நின்றது. அவர் முக்கில் நின்று, முகம் காட்டி, உரக்கப் பேசுகிறார். நீங்கள் பெயரை மறைத்து எனக்கு எழுதுகிறீர்கள். பேச்சுரிமை யாரிடம் கொழுத்துக் கிடக்கிறது, யாரிடம் மெலிந்துபோயிருக்கிறது என்று இதிலேயே தெரிகிறதே.

அரசியல் சாசனத்தின் 19ஆம் பிரிவு உங்களுக்கும் அவருக்கும் பொதுதான். அவரை நிர்வாகம் தெரியாதவர் என்று நீங்கள் எழுதலாம். உங்களை வேலையற்றவர் என்று அவர் சொல்லலாம். (பொய்யான தகவலைச் சொல்லி வேட்பாளரின் சொந்த நடத்தையைக் குறைசொன்னால் அதற்குத் தனிச் சட்டம் உண்டு. முகநூலில் கவனம்.) ஆனால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 171ஆம் பிரிவு, வாக்காளரை எந்த விதமான தீங்கைச் சொல்லியும் மிரட்டுவதைக் குற்றம் என்கிறது. கடவுளின் கோபத்துக்கு ஆளாவாய் என்று நம்பவைப்பதையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். கோவிலும் சர்ச்சும் தெருவுக்குத் தெரு இருக்கும் நம் மாவட்டத்துக்கென்றே எழுதியதுபோல! அதே பிரிவு, பொது நன்மைக்காகத் தரும் வாக்குறுதி குற்றமாகாது என்றும் சொல்கிறது. “எல்லாத் தெருவுக்கும் தண்ணீர் தருவேன்” என்பது வாக்குறுதி. “உன் தெருவுக்குத் தரமாட்டேன்” என்பது மிரட்டல். உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லலாம்.

ஆனால் சட்டம் தெரிந்தால் மட்டும் போதாது என்பதை நான் 1996இல் கற்றேன். புதிய ஊராட்சிச் சட்டத்தின்படி நடந்த முதல் உள்ளாட்சித் தேர்தல் அது. குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் என் அத்தை பால்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். பெண்கள் பால் வாளியை இறக்கிவைக்கும் நேரத்தில் மேற்பார்வையாளர் வந்து, குரலை உயர்த்தாமல், “பெட்டியைப் பிரித்தால் யார் எதில் குத்தினார்கள் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். உங்கள் நல்லதுக்குச் சொல்கிறேன்” என்றிருக்கிறார். அன்று இரவு அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். புடவையில் ரப்பர் பால் நாற்றம். “மக்களே, சீட்டில் நம்பர் இருக்குமா?” என்று கேட்டார். கல்லூரியில் மணிக்கணக்காக அரசியல் பேசுகிற நான், யோசிக்காமல், “இருக்கலாம்” என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார்.

மேற்பார்வையாளர் தொடங்கிய வேலையை என் ஒற்றைச் சொல் முடித்துவைத்தது. எண் இருந்தாலும் அதை வைத்து ஆளைத் தேடிப்பிடிக்க எந்த முதலாளிக்கும் வழியில்லை, உன் வாக்கு உன்னோடுதான் என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் ஊர்க்காரர் ஆடுவதும் அதே ஆட்டம்தான். 2019இல் ஊராட்சிகளில் ஆளுக்கு நான்கு வாக்குச்சீட்டுகள். எண்ணும்போது ஒரு சாவடியின் சாய்வு தெரியலாம். உங்கள் பக்கத்து வீட்டு மாமி எங்கே குத்தினார் என்று தெரியாது. அதுவும் போகட்டும், அந்தப் பதவிக்காலம் 2025 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. இப்போது ஊராட்சி தனி அலுவலர் பொறுப்பில். குழாயின் திறவுகோல் உங்கள் ஊர்க்காரர் கையில் இல்லவே இல்லை. கையில் இல்லாததைக் காட்டித்தான் மிரட்டுகிறார்.

புகார் கொடுத்தால் நாளையே கைது செய்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். இந்தக் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நடுவர் மன்ற அனுமதியில்லாமல் போலீஸ் விசாரணையைத் தொடங்க முடியாது. வேட்டி மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடுவதில் பெரிய பயன் இல்லை. ஆனாலும் எழுதிவையுங்கள்: தேதி, நேரம், அவர் சொன்ன சொற்கள் அப்படியே. நாகர்கோவிலில் மாவட்ட ஆட்சியரிடம் ஒன்று, மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு ஒன்று. அன்று சிரித்தவர்களில் இரண்டு பேரையாவது கையெழுத்துப் போடவைக்கப் பாருங்கள். எல்லோரும் வேடிக்கைக்காகச் சிரித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் நண்பரிடமும் கேளுங்கள். அவர் வீடு எந்தத் தெருவில் என்று நீங்கள் எழுதவில்லையே.

அன்புடன்,
அண்ணாச்சி