தன்பாலீர்ப்பு நாயகர்கள் வரும் சூப்பர்ஹீரோ காமிக்ஸில் எதை முதலில் படிக்கலாம்?

பதின்வயதினருக்கு ஏற்றது வேண்டும் என்று கேட்டதால் யோசிக்காமல் சொல்கிறேன், 2005-இல் மார்வெல் தொடங்கிய 'யங் அவெஞ்சர்ஸ்'. விக்கன், ஹல்க்லிங் என்ற இரண்டு பையன்கள் காதலர்கள். தாங்கள் சூப்பர்ஹீரோக்கள் என்ற ரகசியத்தை விக்கனின் அப்பா அம்மாவிடம் சொல்லத் தயங்கித் தயங்கி வாயெடுக்கிறார்கள், அவர்களோ காதலைத்தான் சொல்ல வருகிறார்கள் என்று நினைத்து ஹல்க்லிங்கைக் குடும்பத்தில் ஒருவனாகவே ஏற்றுக்கொள்கிறார்கள். அழுகையும் சண்டையும் இல்லாத இந்தக் காட்சிக்காகவே படிக்கலாம்.

ஆனால் எனக்குப் பெரிய குறை ஒன்று உண்டு. வில்லனை அடித்து நொறுக்குவதைப் பக்கம் பக்கமாகக் காட்டியவர்கள், இவர்கள் முத்தமிடுவதைக் காட்ட 2012 வரை இழுத்தார்கள். அப்புறம், 1992-லேயே தன்பாலீர்ப்பை வெளிப்படையாகச் சொன்ன மார்வெல் சூப்பர்ஹீரோ நார்த்ஸ்டாரின் கதையையும் தேடிப் படியுங்கள், அவருக்குக் கல்யாணம் நடந்ததும் 2012-இல்தான்.