நாய்க்குட்டி கயிற்றை இழுத்தால்

நடையின்போது உங்கள் நாய்க்குட்டி கயிற்றை இழுக்கிறது, நீங்களும் பதிலுக்குப் பின்னால் இழுக்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். கயிறு இறுகிய நொடியிலேயே நீங்கள் அசையாமல் நின்றுவிட வேண்டும். குட்டி திரும்பிப் பார்த்துக் கயிறு தொய்ந்த பிறகே அடுத்த அடி வைக்க வேண்டும். நீங்கள் செய்வதுபோல் பின்னால் இழுத்தால், அது எதிர்த்து இன்னும் முன்னேதான் பாயும்.

பாம்பன் கரையில் கருவாடு காயும் இடத்தருகே மட்டும் உங்கள் 4 மாதக் குட்டி கட்டுக்கடங்காமல் இழுப்பதாக எழுதியிருப்பதால், அந்த வாடையே காரணம் என்று நினைக்கிறேன். இரண்டு நாள் வீட்டு முற்றத்தில் நடத்திப் பாருங்கள். அங்கே கயிறு தொய்வாகவே இருந்தால் காரணம் அந்த வாடையாகவே இருக்கலாம். பிறகு கருவாட்டுக்கு 50 அடி தள்ளியே நடையைத் தொடங்கி, குட்டி உங்கள் காலை ஒட்டி நடக்கும்போதெல்லாம் உப்பில்லாமல் அவித்து முள் நீக்கிய மீனில் ஒரு சிறு துண்டு கொடுத்து, நாளுக்கு நாள் சற்றே நெருங்குங்கள்.

கழுத்துப் பட்டையை விட மார்புப் பட்டை நல்லது, தொண்டை நெரியாது. வெயிலேறிய மணலில் உங்கள் புறங்கையை 7 நொடி வைக்க முடியாவிட்டால், குட்டியை அங்கே இறக்கவே வேண்டாம்.