ஒரு கணினியில் நால்வர் அமரலாமா?

கேள்வி: எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் வேகமான கணினி ஒன்றுதான் இருக்கிறது. நன்கொடையாக வந்த மானிட்டர்களும் விசைப்பலகைகளும் சும்மா கிடக்கின்றன. அந்த ஒரே கணினியில் நான்கு மாணவர்கள் தனித்தனியாக வேலை செய்யும்படி அமைக்க முடியுமா?
– ஒரு வாசகர், தென்காசி மாவட்டம்

பதில்: முடியும். இந்த முறைக்கு மல்டிசீட் என்று பெயர். ஒரு மானிட்டர், ஒரு விசைப்பலகை, ஒரு மவுஸ் சேர்ந்தது ஓர் இருக்கை. ஒவ்வொருவரும் தம் பயனர் பெயரில் உள்நுழைந்து, அடுத்தவர் வேலையில் குறுக்கிடாமல் தம் வேலையைப் பார்க்கலாம். பிரேசிலின் பரானா மாநிலத்தில், அங்குள்ள மத்தியப் பல்கலைக்கழகத்தின் கட்டற்ற மென்பொருள் குழு, ஒரு கணினிக்கு நான்கு இருக்கைகள் என்ற கணக்கில் அரசுப் பள்ளிகளுக்கு ஆய்வகங்களை வடிவமைத்துக் கொடுத்தது. அந்நாளில் பல கோப்புகளைக் கையால் திருத்தித்தான் இதைச் செய்ய வேண்டியிருந்தது. 2012-இல் வந்த ஃபெடோரா 17 என்ற லினக்ஸ் பதிப்பு முதல், இருக்கைகளைப் பிரித்துத் தரும் வசதி லினக்ஸ் இயங்குதளத்துக்கு உள்ளேயே கிடைக்கிறது.

நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது, மானிட்டருக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டு. ஒரே கார்டில் மூன்று மானிட்டர் போர்ட்டுகள் இருந்தால் மூன்று இருக்கைகள் கிடைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் ஓர் இருக்கையின் திரையை இயக்கும் நிரல் அந்தக் கார்டு முழுவதையும் தன் பிடியில் வைத்துக்கொள்வதால், வழக்கமான அமைப்பில் அதன் எல்லாப் போர்ட்டுகளும் அந்த ஓர் இருக்கைக்கே சேரும். ஆகவே நான்கு இருக்கைகளுக்கு நான்கு கிராஃபிக்ஸ் சாதனங்கள் வேண்டும். மதர்போர்டிலேயே உள்ளதை ஒன்றாகக் கொள்ளலாம். தனிக் கார்டு செருகியதும் பல மதர்போர்டுகள் அதை அணைத்துவிடும் என்பதால், கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் அமைப்புப் பக்கத்தில் அதை மீண்டும் இயக்கிவிடுங்கள். மீதிக்குக் கூடுதல் கார்டுகளோ, யுஎஸ்பி வழியே திரை தரும் அடாப்டர்களோ உதவும். அடாப்டர் வாங்குவதற்கு முன் அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் லினக்ஸுக்கு உண்டா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது, ஒரு யுஎஸ்பி போர்ட்டைப் பலவாக்கித் தரும் யுஎஸ்பி ஹப். இருக்கைக்கு ஒரு ஹப் என்று வைத்து, அந்த இருக்கையின் விசைப்பலகை, மவுஸ், ஹெட்ஃபோன் எல்லாவற்றையும் அதிலேயே செருகுங்கள். பிறகு நிர்வாகியாக உள்நுழைந்து கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலைத் திறந்து, லாகின்சிடிஎல் (loginctl) என்ற கட்டளையால் முதல் இருக்கையின் நிலையைக் கேட்டால், கணினியோடு இணைந்த சாதனங்கள் அனைத்தும் கிளை பிரிந்த பட்டியலாக வரும். அதில் இரண்டாவது கிராஃபிக்ஸ் கார்டின் முகவரியையும் இரண்டாவது ஹப்பின் முகவரியையும் கண்டுபிடித்து, அதே கட்டளையின் அட்டாச் பிரிவால் 'சீட்1' என்ற புதிய இருக்கையோடு (முதல் இருக்கையின் பெயர் 'சீட்0') சேர்த்துவிட்டால், அதுவரை இருண்டு கிடந்த மானிட்டரில் உள்நுழைவுத் திரை தோன்றும். தோன்றாவிட்டால் ஒருமுறை கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். இந்தப் பிரிவினை நிலையாகப் பதிவாகிவிடுவதால், நாள்தோறும் மீண்டும் செய்ய வேண்டியதில்லை. ஒரு விசைப்பலகையை ஹப்பிலிருந்து பிடுங்கி நேரடியாகக் கணினியின் முன்புறப் போர்ட்டில் செருகினால் மட்டும், அதில் தட்டுகிற எழுத்தெல்லாம் முதல் இருக்கைக்காரரின் கட்டுரைக்குள் போய் விழும். மாணவர்களிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பயனர் கணக்கும் ஆளுக்கு ஒன்றாக இருக்கட்டும். ஒரே கணக்கில் இருவர் நுழைந்தால், ஃபயர்ஃபாக்ஸ் ஏற்கெனவே இயங்குகிறது என்று இரண்டாமவரைத் தடுத்துவிடும். தனிக் கணக்கில் இன்னொரு நன்மையும் உண்டு: ஒருவர் தமிழ்99 விசைப்பலகை முறையிலும் பக்கத்திலிருப்பவர் தட்டச்சுப்பொறி முறையிலும் ஒரே நேரத்தில் தமிழ் எழுதலாம். நினைவகம் 16 ஜிபியும், வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி ஒன்றும் இருந்தால் எழுத்து வேலைக்கும் இணையத் தேடலுக்கும் நால்வருக்குத் தாங்கும் என்பது என் கணிப்பு. வீடியோ எடிட்டிங் செய்பவருக்கு மட்டும் தனிக் கணினி கொடுத்துவிடுங்கள். எடுத்த எடுப்பில் நான்குக்குப் போகாமல், இரண்டு இருக்கைகளை அமைத்து சில வாரங்கள் ஓட்டிப் பார்ப்பதே நல்லது.

கேள்வி: விண்டோஸில் இதைச் செய்ய இயலாதா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் வரும் சாதாரண விண்டோஸ் பதிப்புகள், கணினியின் முன் ஒரு நேரத்தில் ஒருவரே அமர்ந்து வேலை செய்யும்படி அமைந்தவை. பள்ளிகளுக்காக மைக்ரோசாஃப்ட் 2010-இல் மல்டிபாயின்ட் சர்வர் என்ற தனிப் பதிப்பைக் கொண்டுவந்தது. பின்னர் அது விண்டோஸ் சர்வர் 2016-இன் ஓர் அங்கமாக மாறி, 2019 பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது. ஆஸ்டர் போன்ற வெளியார் மென்பொருள்கள் விற்பனையில் உள்ளன. அவற்றை வாங்குமுன் விண்டோஸ் உரிம விதிகளைப் படித்துப் பாருங்கள். புதிதாகத் தொடங்குவோருக்கு நான் லினக்ஸையே பரிந்துரைப்பேன்.

கேள்வி: ஒருவர் கணினியை அணைத்துவிட்டால் மற்ற மூவரின் கதி என்ன? பென்டிரைவில் இருப்பதைப் பக்கத்து இருக்கைக்காரர் பார்க்க முடியுமா?
– ஒரு கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: வேறு யாரேனும் உள்நுழைந்திருக்கும்போது ஒருவர் ஷட்டவுன் கொடுத்தால், அமைப்பைப் பொறுத்து லினக்ஸ் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கலாம். ஆனால் பவர் பொத்தானை அழுத்திப் பிடிப்பவரை எந்த மென்பொருளும் தடுக்காது. ஆகவே கணினிப் பெட்டியைக் கைக்கு எட்டாமல் வையுங்கள். அதற்காக வெகுதூரம் கொண்டுபோகவும் கூடாது, ஏனெனில் யுஎஸ்பி 2.0 கேபிளின் நீள வரம்பு 5 மீட்டர்தான்.

பென்டிரைவை உங்கள் இருக்கையின் ஹப்பில் செருகினால் அது உங்களுக்கே உரியது. வேறு இருக்கையிலிருந்து அதைத் திறக்க முயன்றால் நிர்வாகியின் கடவுச்சொல் தேவைப்படும்.

என்னைக் கேட்டால், இவற்றைவிடப் பெரிய கவலை மின்வெட்டு. மின்சாரம் போனால் நால்வரின் வேலையும் ஒரே நொடியில் போகும் என்பதால், யுபிஎஸ் கட்டாயம் வேண்டும். அதை வாங்கும்போது, கணினியின் மின்தேவையோடு நான்கு மானிட்டர்களின் வாட் அளவையும் கூட்டிச் சொல்லி வாங்குங்கள்.