லாப்ரடார் குட்டியின் தசைத் தளர்ச்சி: எந்தச் சோதனை?

வணக்கம் சகோதரி. தாயும் தந்தையும் நன்றாக ஓடுவதால் உங்கள் நான்கு மாத லாப்ரடார் குட்டியின் தளர்ச்சி பரம்பரை நோயல்ல என்று விற்றவர் சொன்னதை நம்பாதீர்கள். லாப்ரடார்களுக்கு வரும் பரம்பரைத் தசை நோயான சென்ட்ரோநியூக்ளியர் மயோபதியில், பழுதான மரபணுப் பிரதி ஒன்று மட்டும் உள்ள நாய்க்கு அறிகுறியே தெரியாது. அப்படி இருவர் இணைந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் 25 சதவீத ஆபத்து.

கேட்க வேண்டியது, இந்த நோய்க்கான மரபணுவைப் பார்க்கும் ஹெச்ஏசிடி1 சோதனை. பழைய அறிக்கைகளில் பிடிபிஎல்ஏ என்றிருக்கும். கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்த பஞ்சுக்குச்சியே போதும், தசையை வெட்டியெடுக்க அவசரப்பட வேண்டாம். கடும் ஓட்டத்துக்குப் பிறகு மட்டும் சரிந்து விழும் நாய்களுக்கானது டிஎன்எம்1 சோதனை, அது வேறு.

குளிரில் தளர்ச்சி கூடும், கதகதப்பாக வையுங்கள். குணமாக்கும் மருந்து இல்லை. ஆனால் ஒரு வயதுக்குப் பிறகு பெரும்பாலும் நோய் முற்றுவதில்லை. தயவுசெய்து மனம் தளராதீர்கள். நோய் உறுதியானால் விற்றவருக்கும் சொல்லுங்கள், அந்த இணையை அவர் மறுபடி சேர்க்கவே கூடாது.